முதல் வளையல் போட்ட கை

மாசி 3, திங்கள்

காலையில் கடும் பனி. சேலத்தில் ஏறிய பஸ், பெட்ரோல் இல்லாமல் கரி எரித்து ஓடுவது, மேடு வந்த இடமெல்லாம் நின்றது. கிளீனர் இறங்கி அடுப்பைக் கிளற, நாங்கள் இறங்கி நடக்க, மறுபடி ஏற. திருச்செங்கோடு சேரும்போது உச்சி வெயில். அங்கிருந்து கட்டை வண்டி, நாலு மைல்.

பிரசவ விடுதி: ஓட்டு வீடு. இரண்டு அறை, மூன்று கட்டில், பின்னால் கிணறு. மருத்துவச்சிப் படிப்பின் கடைசிப் பாகம் இது. இரண்டு மாதம் கிராமத்தில் இருந்து பழக வேண்டும். பரீட்சைக்கு உட்கார இருபது பிரசவம் நானே பார்த்து, கேஸ் புத்தகத்தில் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். சேலத்தில் பதினொன்று ஆயிற்று.

விடுதிக்குப் பொறுப்பு எஸ்தர் அம்மா. (இனி எ.) ஐம்பது வயது இருக்கும். வெற்றிலை வாய். என் பெட்டியைத் திறக்கச் சொன்னார். வெள்ளைச் சேலை நாலு. சேலம் ஆஸ்பத்திரியில் படிக்கிற எல்லோருக்கும் வெள்ளைதான், அதனால் யார் வாழ்கிறவள், யார் தாலி அறுத்தவள் என்று அங்கே தெரியாது. அந்த இடத்தில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

எ. நேராகக் கேட்டார். "புருஷன் இருக்கானா?"

இல்லை. ஐந்து வருஷம் ஆயிற்று. அப்போது எனக்குப் பதினேழு.

"இந்த ஊர்ல வெள்ளை கட்டிட்டுப் புள்ளத்தாச்சி இருக்கற வீட்டு வாசப்படி மிதிக்க முடியாது. நாளையிலேர்ந்து கலர் சேலை, பொட்டு. கேட்டா, புருஷன் பட்டாளத்துல இருக்கான்."

"உங்களுக்கும்தான் இல்லை" என்றேன். சுவரில் அவர் கணவர் படம், காகிதப் பூ மாலையோடு.

"நான் வேதக்காரி, சர்ச்சுக்குப் போறவ. என்னை யாரு கேக்கறா."

மாசி 4, செவ்வாய்

எ. கொடுத்த சேலை. அரக்கு, மஞ்சள் கரை. கழுத்தில் கறுப்பு மணி. "மேலே இழுத்துப் போர்த்திக்கோ. உள்ளே தாலி இருக்குன்னு அவங்களே நினைச்சுக்குவாங்க."

குங்குமம் வைத்தேன். நெற்றி அரித்தது. கண்ணாடியில் ஒரு தரம் பார்த்தேன். பிறகு இன்னொரு தரம். அந்த இரண்டாவது தரத்துக்கு வெட்கமாக இருக்கிறது.

வேலை: கத்தரிக்கோல், நூல் கொதிக்க வைத்தது. தரைக்கு லைசால். கர்ப்பிணிகள் பட்டியல் நகல். மண்ணெண்ணெய் அரைப் போத்தலுக்கு மேல் கிடைக்கவில்லை, சண்டைக் காலம். அண்ணனுக்குக் கடிதம். பொட்டைப் பற்றி எழுதவில்லை.

மாசி 6, வியாழன்

எ.யுடன் வீடு பார்க்கப் போனது. ஐந்து வீடு. எல்லா வீட்டிலும் அதே கேள்வி.

"ஊட்டுக்காரர் பட்டாளத்துலீங்களா? கடுதாசி வருதுங்களா?"

வருகிறது என்றேன். நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். கஷ்டமே அதுதான். ஒருத்தி, அடுத்த அமாவாசைக்கு மலைக் கோயிலில் என் பேருக்கு விளக்குப் போடுவதாகச் சொன்னாள். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

கடைசி வீடு தோட்டத்தில். பாவாயி, என் வயதுதான். ஒன்பதாம் மாதம். இதற்கு முன் இரண்டு, இரண்டும் தங்கவில்லை. மாமியார்க்காரி கறாரானவள், ஆனால் மருமகளுக்குக் கால் அமுக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். அது எங்கும் பார்க்கக் கிடைக்காத காட்சி.

பின்கட்டில் ஒரு வெள்ளைச் சேலை தெரிந்தது. மாமியாரின் மகள், நாச்சாயி. புருஷன் போனபின் அம்மா வீட்டோடு வந்தவள். நாங்கள் இருந்தவரை முன்பக்கம் வரவில்லை. மோரைக் கதவுக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டுப் போனாள். மாமியார் எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள். வாங்கிக் குடித்தேன்.

மாசி 8, சனி

பாவாயி தோட்டத்துக்கு அடுத்த வீட்டில் பிரசவம். எ.க்கு இடுப்புப் பிடிப்பு, நான்தான் பார்த்தேன். தொப்புள்கொடி குழந்தையின் கழுத்தில் இரண்டு சுற்று. நீலமாக வந்தது. வாயைத் துடைத்து, முதுகில் தட்டி, வெந்நீர், பச்சைத்தண்ணீர் மாற்றி மாற்றி. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அழுதது. பெண்.

பன்னிரண்டாவது கேஸ்.

பாவாயி மாமியார் வந்து பார்த்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "ராசியான கைங்க, அம்மிணி. கும்புட்டுக்கறேன்."

எ.யிடம் சொன்னபோது வெற்றிலைச் சாறு தெறிக்கச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஆனால் சந்தோஷமாகத்தான் இருந்தது. மறைக்காமல் எழுதி வைக்கிறேன்.

மாசி 10, திங்கள்

பாவாயியைப் பார்க்கப் போனேன். கால் வீக்கம், அமுக்கினால் குழி. முகமும் ஊதியிருக்கிறது. மெட்டி கழற்ற முடியவில்லை. "தல நோவுதுங்க. கண்ணு முன்னால பூச்சி பறக்கறாப்பல இருக்குதுங்க" என்றாள். சிறுநீரைச் சீசாவில் வாங்கி வந்து, குழாயில் ஊற்றி ஸ்பிரிட் விளக்கில் காட்டினேன். இரண்டு சொட்டு அமிலம். பால் திரிந்த மாதிரி வெள்ளையாக உறைந்தது.

எ. வாங்கிப் பார்த்தார். வாயில் இருந்ததைத் துப்பிவிட்டு, "வலிப்பு வந்துரும். ஆஸ்பத்திரிக்கு இன்னிக்கே போகணும்" என்றார்.

இரண்டு பேருமாக வெயிலில் திரும்பிப் போனோம். உப்பை நிறுத்தச் சொன்னோம், மாமியார் சரி என்றாள். படுக்கையிலேயே இருக்கட்டும் என்றோம், சரி. ஆஸ்பத்திரி என்றதும் நின்றுவிட்டாள்.

"வெள்ளிக்கெழம கட்டுச்சோறுங்க. அவ பொறந்த ஊட்டுக்காரவிய சோறு கட்டியாந்து, விருந்து வெச்சு, வளையல் போட்டுக் கூட்டீட்டுப் போகோணும். போன ரெண்டு தடவயும் அது செய்யாமயே வுட்டுப்போட்டோம். ரெண்டும் தங்குலீங்க. இந்தத் தடவ அது முடியாம இவ ஊரெல்ல தாண்டக் கூடாதுங்க."

எ. கத்தினார். நானும் சொன்னேன். மாமியார் என்னைத்தான் பார்த்தாள்.

"அம்மிணி, உங்க பேச்சுக்காக ஒண்ணு பண்றேன். விருந்து முடிஞ்ச கையோட, அவிய ஊட்டுக்கு அனுப்பாம, நேரா ஆஸ்பத்திரிக்கு வண்டி பூட்டறேன். சத்தியமுங்க. ஆனா மொத வளையல் நீங்கதான் போடோணும். உங்க கைதான் வேணும்."

எனக்கு முந்தி எ. சொல்லிவிட்டார், போடுவாள் என்று.

மாசி 11, செவ்வாய்

எதுவும் ஓடவில்லை. துணி துவைத்தேன், துவைத்ததையே மறுபடி துவைத்தேன்.

கணக்கு இதுதான். உண்மையைச் சொன்னால்: நான் சொன்ன உப்பும் போச்சு, படுக்கையும் போச்சு, ஆஸ்பத்திரியும் போச்சு. ஒரு அறுத்தவள் வாயிலிருந்து வந்த வார்த்தை என்று எல்லாவற்றையும் தூக்கி எறிவார்கள். பாவாயி (இனி பா.) செத்துப் போவாள். சொல்லாவிட்டால்: அவள் கையில் நான் வளையல் போட வேண்டும்.

எ. "கண்ணாடி வளையல்தானே, போடு" என்கிறார். அவருக்கு அது கண்ணாடி. நான் படித்தது உப்பு, வீக்கம், சிறுநீரகம், வலிப்பு. அதை நம்புகிறேன். ஆனால் வயிற்றுக்குள் இருக்கிற பயம் படித்த பயம் இல்லை. என் அம்மா என்னைக் கல்யாண வீட்டு வாசலில் நிற்க வைத்துவிட்டு உள்ளே போனாளே, அந்தப் பயம்.

மாசி 12, புதன்

மேகமூட்டம். பா.வுக்கு வீக்கம் சற்றுக் குறைவு. தலைவலி அப்படியே.

கஞ்சி வைப்பது நாச்சாயி. தனிச் சட்டி, தனி அடுப்பு. பின்கட்டுக்குப் போய் அளவு கேட்டேன். என்னைப் பார்த்ததும் எழுந்து சுவரோடு ஒதுங்கினாள், தன் நிழல் என்மேல் விழக் கூடாது என்பதுபோல. ஒல்லி. இருபத்தைந்துக்குள்தான் இருக்கும்.

"உப்பில்லாமக் குடிக்கறாளா?"

"குடிக்கறாளுங்க. நானும் அதேயேதானுங்க குடிக்கறேன். அவ ஒருத்தியே குடிக்கறதுன்னா எறங்காதுங்க."

அவளிடம் சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. பொட்டோடு நின்றுகொண்டு என்னத்தைச் சொல்வது?

பெரிய ஆஸ்பத்திரிக்கு எ. சீட்டு எழுதிவிட்டார். வெள்ளி சாயந்தரம் வருகிறோம் என்று.

மாசி 14, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதாவிட்டால் இன்னும் மோசமாக இருக்கும்.

முற்றத்தில் பந்தல். புளிச்சோறு, தயிர்ச்சோறு, எள்ளுச்சோறு, இன்னும் என்னவோ. அப்பளத்தில்கூட உப்பு என்று பா. பக்கத்திலேயே நின்றேன். மணையில் உட்கார வைத்தார்கள். "மொதல்ல நர்ஸம்மா" என்றாள் மாமியார். நாற்பது பேர் பார்க்க, வலது கையில் பச்சை, இடது கையில் பச்சை. வீங்கின கை, சோப்புத் தண்ணீர் தடவித்தான் ஏற்றினேன். பா. என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு மற்றவர்கள் கை நிறையப் போட்டார்கள்.

பந்தி எழுந்து கை அலம்புகிற நேரம். "அக்கா, கண்ணு தெரியலீங்க" என்றாள் பா. அவ்வளவுதான். உடம்பு முறுக்கிக்கொண்டது. வளையல்கள் தரையில் அடித்து உடைந்து மணிக்கட்டெல்லாம் ரத்தம். நாக்கைக் கடிக்கிறாள். நான் கத்தினேன், "கரண்டி, கரண்டியில துணி சுத்திக் கொண்டாங்க."

ஒருவரும் அசையவில்லை. சாமி வந்திருக்கிறது என்று ஒரு குரல். மறுபடி கத்தினேன்.

காலையிலிருந்து பின்கட்டில் அடைந்து கிடந்த நாச்சாயி ஓடி வந்தாள். தன் சேலையையே கிழித்து மரக் கரண்டியில் சுற்றியிருந்தாள். கூட்டத்துக்கு நடுவே வந்து, என்னோடு மண்டியிட்டு, பா. தலையைப் பிடித்துக்கொண்டாள். பல்லுக்கு நடுவே கரண்டியைக் கொடுத்தேன். அவள் வந்திராவிட்டால் நாக்கு போயிருக்கும். வண்டிக்குத் தூக்கும்போதும் கால்பக்கம் அவள்தான். வண்டி கிளம்ப, தலையணையோடு மாட்டுக்கு எதிரே ஓடி வந்து கொடுத்தாள்.

நாலு மைல். வழியில் இன்னும் இரண்டு வலிப்பு.

மாசி 15, சனி

ஆண். இறந்து பிறந்தது. நல்ல எடை, நல்ல முடி. பா.வுக்கு நினைவில்லை. இருட்டறையில் வைத்திருக்கிறார்கள், ஊசி போட்டிருக்கிறார்கள். டாக்டர் கை கழுவிக்கொண்டே சொன்னார், "நாலு நாள் முன்னாடி வந்திருந்தா ரெண்டும் பொழைச்சிருக்கும்." என்னைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை.

நாலு நாள். அந்த நாலு நாளும் என் பேச்சைக் கேட்கிறார்கள் என்ற பெருமையில் போனது. அவளைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

மாசி 16, ஞாயிறு

சாயந்தரம் பா. கண் திறந்தாள். தண்ணீர் கேட்டாள். பிறகு வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

மாமியார் தாழ்வாரத்துத் தூணில் சாய்ந்து அழுதாள். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "தாயாச்சும் மிஞ்சுனா. உங்க கைராசிதானுங்க." நான் கையை உருவிக்கொண்டு, பா.வின் நாடி பார்க்க உள்ளே போய்விட்டேன்.

மாசி 20, வியாழன்

நல்ல வெயில் ஆரம்பித்துவிட்டது. பா.வை வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. பின்னாலேயே போய்ப் பார்த்தேன். நாடி சரி. வீக்கம் வடிகிறது. பால் கட்டிக்கொண்டு வலி. மார்பை இறுக்கிக் கட்டினேன். கட்டும்போது அழுதாள், வலியால் இல்லை.

கஞ்சி மாமியாரே கொண்டுவந்தாள். நாச்சாயி எங்கே என்றேன்.

"அவ பேரச் சொல்லாதீங்க. வண்டிக்கு எதுக்கால வந்தா பாருங்க, தல விரிச்சுப்போட்டு. பந்திக்கு நடுவுல. என்ற பேரனத் தின்னுபோட்டா. பெத்த மக ஆனா என்னுங்க."

நாச்சாயி மாட்டுக் கொட்டகையில் இருக்கிறாள். அடுப்பங்கரைக்குள் விடுவதில்லை. சோற்றை இலையில் வைத்து வெளியே வைக்கிறார்கள். மாசி முடிந்ததும் எங்காவது கோயில் வாசலில் கொண்டுபோய் விட்டுவிடச் சொல்லி மகனிடம், அதாவது பா. புருஷனிடம், பேச்சு. பா. படுக்கையிலிருந்து, "அத்தே, அவங்க நல்லதுக்குத்தான வந்தாங்க" என்றாள். "நீ பேசாமப் படு."

கரண்டி கொண்டுவரச் சொல்லிக் கத்தியது நான். அதையாவது சொன்னேன். "நீங்க வாழறவங்களக் கூப்புட்டீங்க, அம்மிணி. அவளக் கூப்புட்டீங்களா?" என்றாள்.

திரும்பி வரும்போது கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தேன். சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். கிழிந்த சேலையை முடிச்சுப் போட்டிருந்தாள்.

மாசி 21, வெள்ளி

எ.யிடம் சொன்னேன், போய் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று. வெற்றிலை மடித்த கை அப்படியே நின்றது.

"சொன்னா அந்தப் புள்ள திரும்பி வருமா? ஊர்ல ஒருத்தி உன்னைக் கூப்பிட மாட்டா. கேஸ் பன்னண்டுல நிக்கும். பரீட்சை போச்சு. அப்புறம் உங்கண்ணன் வீட்ல சட்டி கழுவு." பிறகு கொஞ்சம் தணிந்து, "பொய் சொல்லச் சொன்னவ நான். எம்மேலயும் வரும்" என்றார்.

எல்லாம் சரி. ஆனால் அந்தப் பெண் மாட்டோடு கிடக்கிறாள். நான் அவர்கள் வீட்டு முற்றத்தில் மோர் குடிக்கிறேன்.

பயமாக இருக்கிறது. அண்ணி முகம் கண்ணில் வருகிறது.

மாசி 22, சனி

வெள்ளை கட்டினேன். நெற்றியைத் துடைத்தேன். போனேன்.

மாமியார் முற்றத்தில் கம்பு காயப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த முறம் விழுந்தது.

"ஐயோ சாமி. தந்தி வந்துருச்சுங்களா?"

ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். தலையைத் தடவினாள். "இந்த வயசுலயா. எங்க பாவமெல்லாம் உங்களயும் சுத்திருச்சுங்களா, கண்ணு." அழுதாள். எனக்காக இப்படி ஒருவர் அழுது நான் பார்த்ததில்லை. என் கணவர் செத்தபோது என்னைத் திட்டினார்கள், எனக்காக அழவில்லை. ஒரு நிமிஷம் அப்படியே இருந்துவிட்டேன். தந்தி வந்தது என்று சொல்லிவிடலாம் என்றுகூட நினைப்பு வந்தது. எழுதத்தான் வேண்டும், அந்த நினைப்பு வந்தது.

"தந்தி வரலீங்க. அவர் போய் அஞ்சு வருஷம் ஆச்சு."

தலையைத் தடவிய கை நின்றது. புரிய நேரம் ஆயிற்று.

"அப்ப மொத வளையலு?"

"நான்தான் போட்டேன். தெரிஞ்சேதான். நாச்சாயி மேல ஒண்ணும் இல்லீங்க. எம்மேலயும் இல்லீங்க, அது வியாதி, நாலு நாள் முன்னாடி போயிருந்தா..." சொல்லி முடிக்கவில்லை. அவள் என்னைத் தொட்ட கைகளைத் தன் சேலையில் துடைத்துக்கொண்டிருந்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"போயிருங்க" என்றாள்.

உள்ளேயிருந்து பா., "அத்தே, யாருங்க? அக்காவுங்களா?" என்று கேட்டாள். நான் வந்துவிட்டேன்.

மாசி 24, திங்கள்

இரண்டு நாளாக ஒருவரும் கூப்பிடவில்லை. நெசவாளர் தெருவில் நேற்று ஒரு பிரசவம், பழைய மருத்துவச்சியையே கூப்பிட்டுக்கொண்டார்கள். கிணற்றடிக்குப் போனால் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்கிறார்கள். எ. முகம் கொடுத்துப் பேசவில்லை, ஆனால் காலையில் என் தட்டில் இரண்டு தோசை கூட வைத்தார். சேலத்துக்கு எழுதிக் கேட்கிறாராம், மீதி எட்டு கேஸை ஆஸ்பத்திரியிலேயே முடிக்க விடுவார்களா என்று. விடமாட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது.

மத்தியானம் கற்பூர எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருந்தேன். வாசலில் நாச்சாயி. குப்பியோடு. பா.வுக்குப் பால் இன்னும் வற்றவில்லை, மார்பில் தடவ எண்ணெய் வேண்டும் என்று அனுப்பியிருக்கிறார்கள். வேறு யாரும் இங்கே வர மாட்டேன் என்றார்களாம்.

உள்ளே வரச் சொன்னேன். வந்தாள். எண்ணெய் ஆறவேண்டும், உட்காரச் சொன்னேன். தரையில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். இரண்டு வெள்ளைச் சேலை.

"உங்களை அடுப்பங்கரைக்குள்ள விட்டுட்டாங்களா?"

"இல்லீங்க."

"நான் வந்து சொன்னேனே."

"சொன்னீங்க. முன்ன என்னைய ஒருத்தியத்தான் சொல்லீட்டு இருந்தாங்க. இப்ப ரெண்டு பேருங்கறாங்க. ரெண்டு பேருஞ் சேந்து தின்னுபோட்டோமாம்."

எதற்காகப் போனேன், என்ன செய்துவிட்டு வந்திருக்கிறேன். அவள் குப்பியின் மூடியைத் திருகித் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகத் தெரியவில்லை.

எண்ணெய் ஆறியது. ஊற்றிக் கொடுத்தேன். எழுந்தாள். வாசல்படியில் நின்று, திரும்பாமலே சொன்னாள்.

"இருந்தாலும், ரெண்டு பேருன்னா பழியத் தூக்கறதுக்குக் கொஞ்சம் தேவலைங்க."